எம்பாரஸ்டா, அஷேம்டா? கேள்வி பதில்

கே: எம்பாரஸ்டு, அஷேம்டு இரண்டுக்கும் அகராதி 'வெட்கம்' என்றே பொருள் தருகிறது. வித்தியாசம் உண்டா?

ப: நிறைய உண்டு. கூட்டத்தில் பேச எழுகிறீர்கள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பதை முன்வரிசைக்காரர் சைகையால் காட்டுகிறார். காது மடல் சூடாகிறது, குரல் தடுமாறுகிறது. இது எம்பாரஸ்மென்ட். நீங்கள் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் நீங்களே இதைச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

நண்பர் நம்பிச் சொன்ன ரகசியத்தை வேறொருவரிடம் உளறிவிட்டீர்கள் என்று வையுங்கள். நண்பருக்கு இன்னும் தெரியாது. ஆனாலும் இரவு புரண்டு புரண்டு படுக்கிறீர்கள். இது ஷேம், நீங்கள் அஷேம்டு. எம்பாரஸ்மென்டுக்கு யாராவது பார்த்தாக வேண்டும், குறைந்தது பார்த்துவிட்டதாக நாம் நினைக்கவாவது வேண்டும். ஷேமுக்கு அந்தத் தேவை கிடையாது.

கே: அப்படியென்றால் ஹ்யூமிலியேட்டட்?

ப: அதில் பெரும்பாலும் இன்னொருவர் கை இருக்கும். லத்தீனில் ஹ்யூமஸ் என்றால் மண். அந்தச் சொல்லின் வேர் அங்கேதான் இருக்கிறது. நீங்களே தடுக்கி விழுந்தால் எம்பாரஸ்டு. விழுந்தவரைச் சுட்டிக்காட்டி ஒருவர் ஊரைக் கூட்டிச் சிரித்தால் ஹ்யூமிலியேட்டட். 'அவமானம்' இதற்கு நன்றாகப் பொருந்தும்.

கே: 'ஐ ஆம் எம்பாரஸிங்' சரியா?

ப: உங்களால் மற்றவர்கள் நெளிகிறார்கள் என்று ஒப்புக்கொள்வதானால் சரி. நெளிவது நீங்கள் என்றால் எம்பாரஸ்டு. 'இங்' முடிவு உணர்ச்சியை உண்டாக்குபவருக்கு, 'டு' முடிவு அதை அனுபவிப்பவருக்கு. போரிங், போர்டு போலத்தான். தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கே: எம்பாரஸ் என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலில் எப்போதும் தவறுகிறேன்.

ப: ஆர் இரண்டு, எஸ் இரண்டு. ஹராஸ் என்ற சொல்லில் மட்டும் ஆர் ஒன்று.

கே: தேர்வில் தோற்றதைச் சொன்னேன். நண்பர் 'வாட் எ ஷேம்' என்று எழுதுகிறார். இப்படியா திட்டுவது?

ப: திட்டவில்லை, 'அடடா' என்கிறார். 'ஷேம் ஆன் யூ' என்றிருந்தால்தான் சண்டைக்குப் போக வேண்டும்.

கே: ஷை என்பதும் வெட்கம்தானே?

ப: ஷை பெரும்பாலும் சுபாவம், தவறு எதுவும் நடக்காமலே இருப்பது. எம்பாரஸ்டு ஒரு நிகழ்ச்சியால் வந்து போவது. தமிழில் இந்தப் பிரிவினை இல்லை என்று நினைக்காதீர்கள். திருக்குறளின் நாணுடைமை அதிகாரம், செய்த செயலுக்காக நாணுவது வேறு, பெண்களின் இயல்பான நாணம் வேறு என்று பிரித்துவிட்டுத்தான் தொடங்குகிறது. அஷேம்டையும் ஷையையும் வள்ளுவர் குழப்பிக்கொள்ளவில்லை. நாம்தான் இரண்டையும் 'வெட்கம்' என்ற ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிட்டோம்.

கே: மார்ட்டிஃபைடு?

ப: 'நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது' என்கிறோமே, அது. இந்தச் சொல்லின் லத்தீன் வேரிலும் சாவுதான் இருக்கிறது.

கே: 'மை சன் இஸ் எம்பாரஸிங் டு சிங்' என்று எழுதலாமா?

ப: மேலே சொன்னேன். நெளிவது மகனா, பாட்டைக் கேட்பவர்களா?

கே: எம்பாரஸ்மென்டுக்குத் தர்மசங்கடம் என்ற அருமையான சொல் இருக்கிறதே! ஏன் மறைக்கிறீர்கள்?

ப: மறைக்கவில்லை, ஏற்கவில்லை. இரண்டு கடமைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு விழிப்பது தர்மசங்கடம், ஆங்கிலத்தில் டிலெமா. கால்சட்டை கிழிந்ததில் தர்மம் எங்கே வந்தது?

கே: எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். வழக்கே இலக்கணம்.

ப: இரண்டு நண்பர்கள் உங்கள் முன்னால் சண்டை போட்டுவிட்டு, 'நீயே சொல், யார் பக்கம் நியாயம்?' என்கிறார்கள். அங்கே டிலெமாவும் எம்பாரஸ்மென்டும் சேர்ந்தே வருகின்றன. குழப்பம் அங்கிருந்து தொடங்கியிருக்கலாம். அதற்காகப் பொத்தான் மாறியவருக்கும் தர்மசங்கடமா?

கே: நான் வேறு ஆள். தர்மத்தை விட்டுவிட்டுச் 'சங்கடம்' என்று மட்டும் சொன்னால்?

ப: இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். வடமொழியில் சங்கடம் என்றால் குறுகலான இடம், இடுக்கு. எம்பாரஸ் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு வழியை அடைப்பது, தடுப்பது என்று பொருள். ஆங்கிலத்திலும் முதலில் இடையூறு என்ற பொருளில்தான் வழங்கியது, கூச்சம் பின்னால் வந்தது. கடனில் சிக்கியவரை 'ஃபைனான்ஷியலி எம்பாரஸ்டு' என்பதில் அந்தப் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு மொழிகளும் தனித்தனியாக வழியடைப்பிலிருந்தே கிளம்பி மனத்துக்கு வந்திருக்கின்றன. கைகால் எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பவரைப் பாருங்கள், பொருத்தம் புரியும்.

ஓர் எச்சரிக்கை: ஸ்பானிய மொழியில் எம்பாரசாடா என்றால் கர்ப்பிணி.

கே: அப்படியானால் நான் சொன்னதில் பாதி சரி! (தர்மசங்கடக்காரர்)

ப: பாதி சரி. சங்கடத்தை வைத்துக்கொள்ளுங்கள், தர்மத்தை டிலெமாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கே: அலுவலகக் கடிதத்தில் 'ஐ ஆம் வெரி எம்பாரஸிங் ஃபார் லேட் ரிப்ளை' என்று எழுதட்டுமா?

ப: மூன்றாவது முறை! 'இங்' அல்ல, 'டு'. இதற்கு இரண்டுமே வேண்டாம். 'சாரி ஃபார் த லேட் ரிப்ளை' என்று எழுதி இப்போதே அனுப்புங்கள், இன்னும் தாமதமாகிறது.