குரூரமும் ‘குரூயல்’ என்ற சொல்லும் பங்காளிகள்

கேள்வி: ‘குரூயல்’ என்ற ஆங்கிலச் சொல் நம் ‘குரூரம்’ என்பதிலிருந்து போனதா? அதன் மூலப்பொருள் என்ன?

குடும்ப வாட்ஸப் குழுவில் யாரோ “உலகமே நம்மிடம் கடன் வாங்கியது” என்று அனுப்பியிருக்கிறார்கள், நீங்கள் நம்பவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். குரூரத்திலிருந்து குரூயல் போகவில்லை. ஆனாலும் உங்கள் சந்தேகம் வீண் அல்ல. இரண்டும் பங்காளிகள்.

குரூயல், பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த சொல். அதற்கு முன்னால் லத்தீனில் ‘குரூடேலிஸ்’. அதற்கும் அடியில் ‘குரூடுஸ்’ இருக்கிறது: பச்சையான, வேகாத, ரத்தம் கசிகிற என்று பொருள். கச்சா எண்ணெயைச் சொல்லும் ‘குரூட்’ இதுதான். உடம்புக்குள் ஓடும் ரத்தத்துக்கு லத்தீனில் ‘சங்குயிஸ்’. காயத்திலிருந்து வழிந்த ரத்தத்துக்கு ‘குருவோர்’. இறைச்சிக்குக் கிரேக்கத்தில் ‘கிரெயாஸ்’; கணையத்தை டாக்டர்கள் பான்கிரியாஸ் என்பார்களே, அதன் பின்பாதி. வடமொழியில் ‘க்ரவ்ய’ பச்சை மாமிசம், ‘க்ரூர’ அதன் உறவு. அங்கிருந்து தமிழுக்குக் குரூரம். எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர்.

தமிழின் சொந்தச் சரக்கு ‘கொடுமை’. அதன் அடியில் இருப்பது வளைவு. கொடுமரம் என்றால் வில். கொடுங்கோல், நேர் தவறி வளைந்த கோல்.

‘நீ என்ன மொழியியல் பேராசிரியரா’ என்று பின்னூட்டத்தில் கேட்க வருபவர்களுக்கு: இல்லை. கோர்ட்டுக் காகிதங்களை மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன். இந்தச் சொல்லைத் தேடிப் போனதே ஓர் அவமானத்தால்தான்.

விவாகரத்து வழக்கு ஒன்று மேல்முறையீட்டுக்குப் போனது. மனைவி தன் தந்தைக்கு எழுதிய நான்கு பக்கக் கடிதத்தை ஆங்கிலத்தில் தர வேண்டும். அதில் ஓரிடம் (அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்): “சோறு சரியாக வேகவில்லை என்று, பானையில் இருந்ததை முழுவதும் என்னையே தின்ன வைத்தார். பல்லில் அரிசி நறநறத்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்சம் உப்பு மட்டும் கொண்டுவந்து வைத்தார்கள்.”

வக்கீலின் ஜூனியர் பையன், “பக்கம் கூடுகிறது சார், சுருக்கிப் போடுங்கள்” என்றான். நானும், குரூரமாக நடத்தினார் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரே வரி போட்டேன். செய்திருக்கக் கூடாது. சாட்சிக் காகிதத்தில் கை வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. இந்து திருமணச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ‘குரூயல்டி’ விவாகரத்துக்கே ஒரு காரணம். ஆனால் அது என்ன என்று சட்டம் விளக்கவில்லை. நடந்ததைப் பார்த்து நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும். நடந்ததை நான் எடுத்துவிட்டேன்.

அந்தப் பெண் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். படித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது மூன்றே சொல்: “அரிசி எங்கே, சார்?”

அன்று இரவு அகராதியைப் புரட்டியபோதுதான் ‘வேகாத’ என்ற பொருள் கண்ணில் பட்டது. கதை கட்டுகிறான் என்பீர்கள். தற்செயல்தான், நானும் அதற்கு மேல் எதுவும் ஏற்றிச் சொல்லவில்லை. ஆனால் அன்று தூக்கம் வரவில்லை. விடிவதற்குள் நான்கு பக்கத்தையும் வரிக்கு வரி மறுபடி செய்தேன். உப்பையும் சேர்த்துத்தான்.

சுருக்கச் சொன்னது கோர்ட்டுக்காக அல்ல என்பது பிறகு புரிந்தது. எங்களுக்குக் கூலி பக்கக் கணக்கு. எழுத்தைச் சின்னதாக்கு, இடைவெளியைக் குறை என்று ஆரம்பித்து, கடைசியில் விஷயத்தையே குறைக்கச் சொல்வார்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனால் பக்கம் கூடத்தான் செய்யும். நம் ஒற்றை வினைமுற்றுக்கு அங்கே மூன்று நான்கு சொல் வேண்டும். இதை எத்தனை வக்கீல் குமாஸ்தாவிடம் சொல்லியிருப்பேன்! அதற்கு மேல் ‘கூகுளில் போட்டால் வருகிறதே’ என்று ஒரு பேச்சு. பிறகு எதற்கு என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள்?

திருத்திய பிரதி ஆறு பக்கம் வந்தது. நான்கு பக்கத்துக்குத்தான் பணம் தந்தார்கள்.