முதல் பிரசவம் சிசேரியன். அடுத்தது சுகப்பிரசவம் ஆகுமா?

கேள்வி: எனக்கு 27 வயது, ஊர் நெல்லிக்குப்பம். மூன்று ஆண்டுகளுக்கு முன், குழந்தை தலை திரும்பாமல் இருந்ததால் சிசேரியன் செய்தார்கள். இப்போது ஐந்தாம் மாதம். கடலூரில் நான் காட்டும் மருத்துவமனையில், முதலில் ஆபரேஷன் என்றால் அடுத்ததும் ஆபரேஷன்தான் என்கிறார்கள். சுகப்பிரசவத்துக்கு வழியே இல்லையா?

பதில்: வழி இருக்கிறது. ஒரே ஒரு சிசேரியன் ஆனவர்கள் அடுத்த முறை வலி எடுத்துப் பிரசவிக்க முயன்றால், 100 பேரில் சுமார் 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. உங்களுக்கு ஆபரேஷன் நடந்தது இடுப்பெலும்பு குறுகலாக இருந்ததால் அல்ல, குழந்தை இருந்த நிலையால்தான். இம்முறை தலை கீழே திரும்பிவிட்டால் அந்தக் காரணமே இல்லாமல் போகிறது. இடைவெளியும் போதுமானது.

ஆனால், முதலில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்து, உள்ளே கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. அதில் 'எல்.எஸ்.சி.எஸ்.' என்று எழுதியிருந்தால் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் அது குறுக்குவெட்டாகவே இருக்கும், அப்படியானால் முயலலாம். மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் முயலவே கூடாது. தாள் தொலைந்திருந்தால், ஆபரேஷன் நடந்த மருத்துவமனையிலேயே நகல் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவமனை தயங்குவதற்கும் காரணம் உண்டு. பிரசவ வலியின்போது பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்து ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அப்படி நேர்ந்தால் சில நிமிடங்களில் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தாக வேண்டும். மயக்க மருந்து நிபுணரைத் தொலைபேசியில் அழைத்து வரவழைக்க வேண்டிய, ரத்தத்துக்கு வெளியே ஆள் அனுப்ப வேண்டிய சிறிய மருத்துவமனை இதற்குத் தயங்குவது நியாயம். ஆனால் 'எங்களிடம் அந்த வசதி இல்லை, வசதியுள்ள இடத்தில் காட்டுங்கள்' என்று சொல்லாமல், 'முடியவே முடியாது' என்று சொல்லி அனுப்புவது நியாயமில்லை. அந்த ஒரு சொல்லால், தேவையில்லாத இரண்டாவது ஆபரேஷனுக்கும், மூன்றாவது குழந்தை வேண்டுமென்றால் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்துக்கும் எத்தனையோ பெண்கள் ஆளாகிறார்கள்.

ஆகவே, இரவிலும் அறுவை அரங்கும் மயக்க மருந்து நிபுணரும் ரத்த வங்கியும் தயாராக இருக்கும் இடத்தில் இப்போதே பதிவு செய்யுங்கள். புதுச்சேரி உங்களுக்கு எட்டாத தூரமில்லை. கோரிமேட்டிலுள்ள ஜிப்மரிலும், எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையிலும், கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் நேரில் கேட்டுப் பாருங்கள். சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவத்துக்கு முயல அனுமதிப்பீர்களா, வலியின்போது குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கண்காணிப்பீர்களா, வலி தானாக வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற மூன்றையும் கட்டாயம் கேளுங்கள். மூன்றாவது கேள்வி முக்கியமானது. தழும்புள்ள கர்ப்பப்பைக்கு வலி வர மிசோபிராஸ்டால் மாத்திரை கொடுக்கக் கூடாது, ஆக்ஸிடோசின் மருந்தையும் மிகுந்த கவனத்தோடுதான் ஏற்ற வேண்டும்.

வீட்டிலும் வலி வரவழைக்க விளக்கெண்ணெய் குடிக்காதீர்கள். வலி தொடங்கினாலோ நீர்க்குடம் உடைந்தாலோ வீட்டில் காத்திருக்க வேண்டாம். ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல், வலி விட்ட இடைவெளியிலும் தையல் இருந்த இடத்தில் நோவு நீடித்தல், இவற்றில் எது தெரிந்தாலும் உடனே 108-ஐ அழைத்து, எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.