வாத்தியாரைக் கேளுங்கள்: கத்திரி வெயில் சாட்சி சொல்லுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி வெயிலைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். என்னைத் திட்டி வந்த கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கேள்வி என்று பார்த்தால் அதுதான் நல்ல கேள்வி.

கேள்வி (காங்கேயத்திலிருந்து ஒரு விவசாயி): 2024 சித்திரையில் ஈரோட்டில் 42 டிகிரியைத் தாண்டியபோது, “புவி சூடாகிறது என்பதற்கு இந்த வெயிலே சாட்சி” என்று எழுதினீங்க. 2025 கத்திரியில் மழை கொட்டி, வைகாசியிலேயே நாங்க போர்வை போர்த்திப் படுத்தோம். அப்ப அது எதுக்குச் சாட்சிங்க வாத்தியாரே?

பதில்: போர்வை போர்த்தியதில் நானும் சேர்த்திதான். வீட்டில் மின்விசிறியை ஒன்றில் வைத்துவிட்டு, அதையும் நடுராத்திரி எழுந்து அணைத்தேன்.

முதலில் என் தப்பை ஒத்துக்கொள்கிறேன். 2024இல் அப்படி எழுதியிருக்கக் கூடாது. 42 டிகிரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால், அடுத்த வருஷம் போர்வை வந்து குறுக்கு விசாரணை செய்யும். செய்துவிட்டது.

ஈரோட்டு மஞ்சள் சந்தைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். வியாபாரி ஒரு விரலியை எடுத்து உடைத்து உள்நிறம் பார்ப்பார். ஒரு மூட்டையில் ஒரு விரலி நன்றாக இருந்ததற்காகக் கிடங்கு முழுவதற்கும் விலை சொல்லிவிடுவாரா? பூமியின் பரப்பு சுமார் 51 கோடி சதுர கிலோமீட்டர். கோவை மாவட்டம் சுமார் 4,700. வகுத்துப் பாருங்கள், ஒரு லட்சத்துக்கு மேல் வரும். அதாவது கிடங்கில் ஒரு லட்சம் மூட்டை இருந்தால் கோவை மாவட்டம் அதில் ஒரு மூட்டை. நம் கொங்கு நாடு முழுவதையும் சேர்த்தாலும் ஏழெட்டு மூட்டைதான் தேறும். அதிலும் ஒரே ஒரு கோடை என்பது அந்த மூட்டையில் கையை விட்டு எடுத்த ஒரு விரலி.

2025இல் நடந்தது இதுதான். தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1ஆம் தேதி கேரளத்தில் தொடங்கும். அந்த வருஷம் மே 24ஆம் தேதியே தொடங்கிவிட்டது. 2009க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் வந்தது அப்போதுதான். கத்திரி முடிய இன்னும் நாள் கிடந்தது. அதற்குள் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் காற்று திறந்துகொண்டது, உடுமலைப் பக்கம் காற்றாலைக் காத்தாடிகள் சுற்ற ஆரம்பித்தன, நமக்குப் போர்வை தேவைப்பட்டது. ஆனால் அதே 2025தான், உலகம் முழுவதுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, கருவிகளால் அளக்க ஆரம்பித்த காலத்திலிருந்து மிகவும் சூடான மூன்று வருஷங்களில் ஒன்றாக வந்தது. நம் போர்வைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

2024ஐ எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். உலக சராசரி, 1850 முதல் 1900 வரை இருந்ததைவிட சுமார் 1.55 டிகிரி கூடியது. அதுவரை இல்லாத உச்சம். ஆனால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு எல் நினோவுடையது. பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் சில வருஷங்களுக்கு ஒருமுறை சூடேறும், அப்போது உலக சராசரியும் கொஞ்சம் ஏறும். 2023 நடுவில் ஆரம்பித்த எல் நினோ 2024 கோடை வரை நீடித்தது. ஈரோட்டில் மண்டை பிளந்ததற்கு அதற்கும் பொறுப்பு உண்டு. இதையும் அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

அப்படியானால் நம் ஊர் வெயிலுக்கும் உலகத்துக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. சித்திரையில் ஒரு மாலை நல்ல மழை பெய்தால் மறுநாள் பகல் வெயில் ஐந்தாறு டிகிரி இறங்கிவிடும். இந்த ஆட்டத்துக்கு நடுவில் பல பத்து வருஷங்களில் ஒரு டிகிரி ஏறுவது கண்ணில் எப்படிப் படும்? முப்பது வருஷத்துச் சராசரியை முந்தைய முப்பது வருஷத்தோடு வைத்துப் பார்த்தால்தான் படும். இந்தியா முழுவதற்கும் அப்படிப் பார்த்தபோது 1901இலிருந்து 2018 வரை சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. “இயல்பைவிட இரண்டு டிகிரி அதிகம்” என்று செய்தியில் சொல்கிறார்களே, அந்த “இயல்பு” இப்போது 1991 முதல் 2020 வரையிலான சராசரி. முன்பு 1981 முதல் 2010 வரை. சூடேறிய வருஷங்கள் உள்ளே வர வர இயல்பும் ஏறிக்கொண்டே போகிறது. எங்கள் தெருவில் ஒரு கடைக்காரர் படிக்கல்லை அப்படித்தான் மாற்றிக்கொண்டிருந்தார், ஆனால் அது எங்களுக்கு நஷ்டமாகவே முடிந்தது.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகர்): சாலையோரத்து மரத்தை எல்லாம் வெட்டிவிட்டு, எங்கே பார்த்தாலும் கான்கிரீட் போட்டுவிட்டோம். சூடு அதனால்தானே? இதற்கு உலகத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

பதில்: பாதி சரி. கான்கிரீட்டும் தாரும் பகலில் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி கக்கும். மரம் இருந்தால் நிழலும் கிடைக்கும், இலை வழியாக நீராவி போகும்போது காற்றும் கொஞ்சம் குளிரும். மேட்டுப்பாளையம் சாலையில் புளிய மரங்களுக்கு அடியில் சைக்கிள் மிதித்தவன் நான். அந்த வருத்தம் எனக்கும் உண்டு.

ஆனால் கடலில் கட்டடம் ஏது? பூமியில் கூடுதலாகத் தங்கும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள்தான் போகிறது. அங்கே மிதவைகள் போட்டு அளக்கிறார்கள், அங்கும் சூடு ஏறுகிறது. காரணம் காற்றில் இருக்கும் கரியமில வாயு. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு இருந்தது. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர்ந்து அளக்க ஆரம்பித்தபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. பூமி வெளியே அனுப்பும் வெப்பத்தை அது கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஒரு வேடிக்கை என்னவென்றால், நாம் செய்த வேறு சில வேலைகள் நம் ஊரைக் குளிர வைத்தும் இருக்கின்றன. கீழ்பவானி, பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) வாய்க்கால் பாயும் வயல்களில் தண்ணீர் ஆவியாகும்போது பகல் சூடு குறையும். காற்றில் இருக்கும் புகையும் தூசும் வெயிலைக் கொஞ்சம் மறைக்கும். உலக நிலப்பரப்பின் சராசரியைவிட இந்தியா மெதுவாகச் சூடேறியதற்கு இவை இரண்டும் காரணம் என்கிறார்கள். அதற்காகப் புகையைக் கொண்டாட முடியுமா? நுரையீரல் ஒத்துக்கொள்ளாது.

கேள்வி (கரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): கோவைக்காரர்கள் “எங்க ஊரு ஜில்லுனு இருக்கு” என்று பீற்றிக்கொள்கிறார்கள். எங்கள் கரூர் பரமத்தி மட்டும் வருஷா வருஷம் செய்தியில் முதலிடம். ஏன் இந்த ஓரவஞ்சனை?

பதில்: கணவாய் தம்பி, கணவாய். மேற்கு மலைத்தொடர் முப்பது கிலோமீட்டருக்கு மேல் விட்டுக் கொடுத்த இடத்துக்கு நேரே கோவை உட்கார்ந்திருக்கிறது. கடல் காற்று முதலில் அங்கே நுழையும், உங்களிடம் வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடும். அப்புறம் உயரம். கோவை சுமார் 410 மீட்டர், ஈரோடு சுமார் 180, கரூர் அதற்கும் கீழே. ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்பது கணக்கு. அதில் மட்டும் ஈரோட்டுக்கும் கோவைக்கும் ஒன்றரை டிகிரி வித்தியாசம் வந்துவிடும். அந்தக் கணவாய்க் காற்றால்தான் கோவையில் உச்ச வெயில் மார்ச், ஏப்ரலிலேயே முடிந்துவிடுகிறது. பஞ்சாங்கத்துக் கத்திரி வரும்போது அங்கே காற்று திரும்பத் தொடங்கியிருக்கும்.

கேள்வி (கோபியிலிருந்து ஒரு வாசகி): எங்க அப்பாரு காலத்துல இப்படி வெயிலே இல்லைன்னு நான் சொன்னா, மகன் “ஆதாரம் காட்டு”ங்கிறான். எப்படிங்க காட்டுறது?

பதில்: அம்மணி, நம் ஞாபகம் அப்பாருவை மட்டும் நினைத்துக்கொள்ளாது, அவர் படுத்த இடத்தையும் சேர்த்து நினைத்துக்கொள்ளும். அது ஓட்டு வீடு, வாசலில் கயிற்றுக் கட்டில், சுற்றி வேம்பு. நாம் படுப்பது மொட்டை மாடிக்கு நேர் கீழே. அதே வெயிலுக்கே நமக்குக் கூடுதலாகத்தான் வேகும். அதனால் மகன் ஆதாரம் கேட்டதில் தப்பில்லை.

வறட்சியைக் காட்டி வாதாடலாம் என்று நினைத்தால் அதுவும் உதவாது. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி அப்பாரு சொல்லியிருப்பார். 1876இல் ஆரம்பித்து, சேலம், கோவைச் சீமைகளைச் சூறையாடியது. அப்போது இங்கே மோட்டார் வண்டி ஒன்றுகூடக் கிடையாது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்து, மறு வருஷம் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை கொண்டை சாய்ந்ததே, அதையும் வெப்பமயமாதலின் கணக்கில் நேராக எழுதிவிட முடியாது. நம் மழை எப்போதுமே ஒரு வருஷம் அள்ளிக் கொடுக்கும், ஒரு வருஷம் கையை விரிக்கும்.

மகனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். “நம்ம ஊரை விடு, உலகக் கணக்கை எடு. மிகவும் சூடான பத்து வருஷங்கள் எவை?” பட்டியலில் இருப்பதெல்லாம் 2015இலும் அதற்குப் பிறகும் வந்த வருஷங்கள். அதற்கு மேல் நீங்கள் வாதாட வேண்டியிருக்காது.

கேள்வி (திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்): செல்போன் 44 என்கிறது, கார் 46 என்கிறது, வானிலை மையம் 40 என்கிறது. யாரை நம்புவது?

பதில்: மையத்தை. கார் சொல்வது தார் ரோட்டின் சூட்டையும் சேர்த்து. செல்போன் பல நேரம் ஈரப்பதத்தையும் கூட்டி, உடம்புக்கு எப்படி இருக்கும் என்று சொல்கிறது.

கேள்வி (பெருந்துறையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி): நானே தினமும் வெப்பநிலையைக் குறித்து வைக்க ஆசை. எப்படி ஆரம்பிப்பது ஐயா?

பதில்: இதற்காகவே இத்தனை கடிதத்தையும் படித்தேன் கண்ணு. அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள். வெயில் நேராகப் படக் கூடாது, காற்று தாராளமாகப் போய்வர வேண்டும். வெள்ளையடித்த மரப்பெட்டி, நான்கு பக்கமும் சாய்வுப் பலகை அடித்தது, தரையிலிருந்து நாலைந்து அடி உயரம். அடியில் மண்ணோ புல்லோ இருக்கட்டும், சிமெண்ட் வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் பார்த்து எழுது. ராத்திரிக் குறைந்தபட்சத்தை விட்டுவிடாதே, பகல் வெயிலைப் பற்றிப் பேசத்தான் ஆயிரம் பேர் இருக்கிறார்களே.

நானும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக எழுதி வருகிறேன். என் நோட்டின்படி எங்கள் தோட்டம் குளிர்ந்துகொண்டே வருகிறது! உலகத்துக்கே சூடு ஏறும்போது எங்களுக்கு மட்டும் என்ன வரம் என்று நானும் கொஞ்ச நாள் யோசித்தேன். அப்புறம்தான் உறைத்தது. முதலில் வெப்பமானியை மேற்குச் சுவரில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மாட்டியிருந்தேன். நடுவில் ஒருநாள் சுவருக்குப் பூச்சு வேலை நடந்தபோது கழற்றி வேம்படிக்குக் கொண்டுபோனேன். அதற்கப்புறம் வேம்பும் நன்றாக வளர்ந்து குடை பிடித்துவிட்டது. வானிலை நிலையங்களிலும் இப்படி இடம் மாறுவதுண்டு. அவர்களிடம் மாற்றிய தேதி இருக்கும், பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டுத் திருத்திவிடுவார்கள்.

அதனால் பெட்டியை இடம் மாற்றினால் அன்றைய தேதியைச் சிவப்பு மையில் எழுதி வை. நான் எழுதி வைக்கவில்லை.