ஊட்டி ஈரத்தில் படப் புத்தகங்களின் பக்கங்கள் ஒட்டிக்கொள்வது ஏன்? எப்படிக் காப்பது?

மழைக்காலத்தில் நாவல்கள் தப்பித்துவிடும், படப் பதிப்புகள்தான் மாட்டும். காரணம் ஆர்ட் பேப்பர். படம் பளிச்சென்று விழ அதன்மேல் வெள்ளைக் களிமண்ணைப் பசையோடு சேர்த்துப் பூசியிருப்பார்கள். நனைந்தால் அந்தப் பசை இளகும். அப்படியே காய்ந்தால் எதிர்ப் பக்கத்தோடு இறுகிவிடும். பிறகு பிரித்தால் படமே உரிந்து வரும். அதனால் நனைந்த புத்தகத்தை மூடி வைத்துக் காயவிடவே கூடாது. ஈரம் இருக்கும்போதே மெதுவாகத் திறந்து, ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் சிலிகோன் பூசிய, கேக் சுடப் பயன்படும் பேக்கிங் பேப்பர் வையுங்கள். மின்விசிறிக் காற்று போதும்; ஹீட்டர் பக்கம் வைத்தால் தாள் நெளியும். உடனே செய்ய நேரமில்லையா? பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூனிலேயே கவனம் வேண்டும். குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பர்தான் மோசம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். அலமாரிக்குள் ஒரு ஈரப்பதமானி வைத்து, 50-ஐ ஒட்டியே வைத்திருங்கள். மூடிய அலமாரியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் நன்றாக வேலை செய்யும். ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் ஓவனில் 120 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்தி மறுபடி போடலாம். அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், குளிர்ந்த சுவரில் நீர் கோக்கும். பழைய பதிப்புகளில் படத்தின் மேல் இருக்கும் மெல்லிய தாளையும் பழுப்பேறினால் அமிலமற்ற தாளாக மாற்றிவிடுங்கள்.