யூரிக் அமிலம் ‘நார்மல்’ என்றால் கவுட் இல்லையா?

கேள்வி: எனக்கு வயது 48. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன மாதம் நள்ளிரவில் வலது கால் பெருவிரல் மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கிவிட்டது. போர்வை பட்டால்கூட உயிர் போகிற வலி. மறுநாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 6.1, நார்மல் என்று வந்தது. ஒரே வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அப்படியானால் இது கவுட் இல்லைதானே?

பதில்: அப்படி முடிவுகட்டாதீர்கள். ரத்தத்தில் உள்ள கழிவுப்பொருளான யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்து வீக்கமும் வலியும் தருவதுதான் கவுட். நீங்கள் விவரித்திருப்பது அச்சு அசல் கவுட் வலி போலவே இருக்கிறது. வலி உச்சத்தில் இருக்கும் நாட்களில் ரத்தத்தில் யூரிக் அமிலம் தற்காலிகமாகக் குறைந்து காட்டுவது உண்டு. வலி அடங்கி இரண்டு வாரமாவது கழித்து எடுக்கும் அளவுதான் நம்பகமானது. ஆகவே இப்போது மறுபடி பாருங்கள். கூடவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், சர்க்கரை, கொழுப்பு அளவுகளையும் பார்த்துவிடுங்கள். கவுட் உள்ள பலருக்குச் சிறுநீரகத்திலும் கவனம் தேவைப்படும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. யூரிக் அமிலம் 8 இருந்தும் ஆயுள் முழுக்க மூட்டுவலியே வராதவர்கள் ஏராளம். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு அந்த எண்ணை மட்டும் பார்த்து மாத்திரை தொடங்குவதை நான் ஏற்பதில்லை.

சந்தேகத்துக்கு இடமில்லாத சோதனை மூட்டு நீர்தான். வீங்கிய மூட்டிலிருந்து ஊசியால் சில துளிகள் எடுத்து, முனைவாக்கிய ஒளி பாய்ச்சும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஊசி ஊசியாக யூரேட் (யூரிக் அமில உப்பு) படிகங்கள் தெரிந்தால் கவுட் உறுதி. சாய்சதுர வடிவில் கால்சியம் படிகங்கள் இருந்தால் அது சூடோகவுட், வேறு நோய். அதே நீரில் கிருமி வளர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். படிகம் இருக்கிறது என்பதற்காகக் கிருமித்தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது, இரண்டும் சேர்ந்தே வரலாம். மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலோ குளிர்நடுக்கமோ இருந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது; கிருமி சில நாட்களிலேயே மூட்டை அரித்துவிடும்.

எக்ஸ்-ரே ஆரம்பத்தில் பெரும்பாலும் எதையும் காட்டாது. அல்ட்ராசவுண்டில் குருத்தெலும்பின் மேல் யூரேட் படிந்து இரட்டைக் கோடாகத் தெரியலாம். நீர் எடுக்க முடியாதபோது இது நல்ல துணை.

உங்கள் ரத்த அழுத்த மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் தயாசைடு வகை மாத்திரைகள் யூரிக் அமிலத்தை ஏற்றும். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

விரல் மறுபடி வீங்கினால், வலி குறையட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நீர் எடுத்துப் பார்க்க அதுதான் தோதான நேரம்.