ஷாம்பு தண்ணீர் பட்டதும் வெளுக்கிறதா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் மகளிர் குழுவாகச் சேர்ந்து ஷாம்பு தயாரிக்கிறோம். பாட்டிலில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டால் வெள்ளையாகக் கலங்குகிறது. கெட்டுப்போன சரக்கு என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கு முந்தைய முறை டிரம்மிலேயே பால் திரிந்தாற்போல் ஆகிவிட்டது. மூலப்பொருள் தந்தவர் உப்பைக் கூட்டச் சொல்கிறார். கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். டம்ளரில் கலங்கிய சரக்கு கெட்டுப்போனதல்ல. டிரம்மில் திரிந்ததுதான் பிழை. இரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றே.

நுரைக்குப் போடும் எஸ்எல்இஎஸ் (சோடியம் லாரெத் சல்பேட்) மைனஸ் மின்னூட்டம் கொண்டது. முடி மிருதுவாகப் போடும் பாலிகுவாட்டர்னியம்-10 தூள் பிளஸ். இரண்டும் கண்ட மாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிளஸ்ஸும் மைனஸும் சரிசமமாகிவிட்டால் அந்தக் கூட்டு தண்ணீரில் நிற்காது, பிரிந்துவிடும். எஸ்எல்இஎஸ் மிக அதிகமாக இருந்தால் கூட்டின் மேல் மைனஸ் மிஞ்சும். அப்போது கரைந்தே கிடக்கும். தலையில் தண்ணீர் ஊற்றி அலசும்போது அந்த மிச்சம் குறைகிறது, கூட்டு பிரிந்து முடியில் மெல்லிய படலமாகப் படிகிறது. டம்ளரில் பார்த்ததும் அதையேதான். ஒரு ஸ்பூன் ஷாம்புவுக்குப் பத்து ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சீரான கலங்கலாக, விரலில் வழுவழுப்பாக இருந்தால் நல்லது. திரிதிரியாக மிதந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

டிரம்மில் திரியக் காரணம், பாலிமர் (அதாவது பாலிகுவாட்டர்னியம்) கரைசலில் எஸ்எல்இஎஸ்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருப்பீர்கள். அப்படி விட்டால் நடுவழியில் அந்தச் சமநிலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வரிசையைத் திருப்புங்கள். 20 கிலோவுக்கு 70 சதவீத எஸ்எல்இஎஸ் பேஸ்ட் 3.4 கிலோவை 8 லிட்டர் தண்ணீரில் போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டுக் கரையுங்கள். அவசரப்பட்டால் கட்டிகட்டியாக நிற்கும். வேறு பாத்திரத்தில் 6 லிட்டர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே 60 கிராம் பாலிமரைத் தூவி, தெளியும்வரை விடாமல் கலக்குங்கள். பிறகு பாலிமரை மெல்லிய தாரையாக எஸ்எல்இஎஸ்ஸுக்குள் விடுங்கள். அடுத்து சிஏபிபி (நுரைக்குத் துணையாகப் போடும் மிதமான திரவம்) 1.2 கிலோ, பிரிசர்வேடிவ், சென்ட். சிட்ரிக் ஆசிட்டால் பிஎச் 5.5-க்குக் கொண்டுவந்து, மீதித் தண்ணீரை ஊற்றி எடையை நிரப்புங்கள்.

பாலிகுவாட்டர்னியத்துக்குப் பதில் கேட்டயானிக் குவார் (பிளஸ் ஏற்றிய கொத்தவரைப் பிசின் தூள்) வாங்கியிருந்தால் ஆசிட் விஷயம் மட்டும் மாறும். பல ரகக் குவார் தூள், ஆசிட் படும்வரை ஊறவே ஊறாது. தண்ணீரில் தூவிக் கட்டியில்லாமல் பரவிய பிறகு, எஸ்எல்இஎஸ்ஸில் சேர்ப்பதற்கு முன்பே, அந்தக் குவார் தண்ணீரில் துளி சிட்ரிக் ஆசிட் விட்டுக் கெட்டியாகும்வரை காத்திருங்கள். தூவுவதற்கு முன்னால் ஆசிட் விட்டுவிட்டால் வெளிப்பக்கம் மட்டும் ஊறி, உள்ளே மாவு அப்படியே இருக்கும்.

உப்பு கடைசியில், கரைத்து, 100 கிராமில் தொடங்கி 200-க்குள் நிறுத்துங்கள். கெட்டிப்படுத்தத்தான் உப்பு. அளவு மீறினால் நீர்த்துவிடும். பிளஸ், மைனஸ் இழுப்பும் தளர்ந்து முடியில் படிவது கெடும். உங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருந்தால் ஆர்ஓ தண்ணீர் எடுங்கள். திரிந்த டிரம்மைக் காப்பாற்ற, புதிதாகக் கரைத்த கெட்டி எஸ்எல்இஎஸ்ஸுக்குள் அதைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்கி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

என் பெரிய கவலை "ஷாம்பு கிட்" விற்கும் இடைத்தரகர்கள். 28 சதவீத எஸ்எல்இஎஸ் திரவத்தை 70 சதவீதப் பேஸ்ட்டின் விலைக்குத் தள்ளுவார்கள். 70 சதவீதச் சரக்கு கெட்டிப் பசை. தண்ணீர்போல ஊற்ற வராது. ஊற்ற வந்தால் வாங்காதீர்கள். பேட்ச் நம்பர் போட்ட பரிசோதனைச் சான்றில் "ஆக்டிவ் மேட்டர்", அதாவது தண்ணீர் போக உண்மையான சரக்கு, எவ்வளவு என்று கேளுங்கள். பெயரில்லாத "கண்டிஷனர் லிக்விட்" என்று தருவது பெரும்பாலும் செட்ரிமோனியம் குளோரைடு. அது தனி கண்டிஷனருக்கான சரக்கு, ஷாம்பு டிரம்முக்குள் போகக்கூடாது. அதுவும் பிளஸ்தான், நுரையையும் அழுக்கு நீக்கும் திறனையும் தின்றுவிடும்.

இன்னொன்று. ஷாம்பு அழகுசாதனப் பொருள். 2020 அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, விற்பனைக்குத் தயாரிக்க மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் வேண்டும். சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்று அதற்கு ஈடாகாது. இதை ஏஜென்ட் சொல்லமாட்டார். பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் நீட்டுகிற முகாம்கள் சொல்லாமல் விடுவதுதான் எனக்கு ஆறவேயில்லை. முதலீடு போட்ட பிறகு பெண்கள் அலைகிறார்கள். அடுத்த டிரம்முக்கு முன் மதுரையிலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நேரில் போய், இடவசதியும் படித்த பணியாளரும் என்னென்ன வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.