மூன்று நாற்காலி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் குளச்சல்காரி. ஒரு பல்கலைக்கழகத்தின் பல்சமய ஆய்வு மையத்தில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்திருக்கிறேன். களப்பணி பெரும்பாலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான். ஆய்வு மாணவர்கள், நிதிக்கணக்கு, பொதுமக்களுக்கான நிகழ்ச்சிகள் எல்லாம் என் தலையில். முதல் வேலையாக வருகிற மார்ச்சில் ஒரு சமய நல்லிணக்க மாநாடு நடத்தச் சொல்கிறார்கள். ஒரு மாணவர் 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரம் பற்றி ஆய்வு செய்ய ஆசைப்படுகிறார். ‘அதைத் தொடவே வேண்டாம்’ என்று மேலிடம் சொல்கிறது. இதற்கு நடுவில் எந்த ஊருக்குப் போனாலும் முதல் கேள்வி ‘நீங்க எந்தச் சபை?’ என்பதுதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2002 முதல் பல்சமய உறவுகளுக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. அதைப் பார்த்து அப்படியே செய்துவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

வாழ்த்துகள். மாநாட்டைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ஏன் என்று சொல்ல என் மானத்தைக் கொஞ்சம் விற்க வேண்டியிருக்கிறது.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரியில் மும்மதக் கருத்தரங்குக்கு நான்தான் பொறுப்பு. குத்துவிளக்கு, மேடையில் மூன்று நாற்காலி, பூங்கொத்து என்று ஒன்றும் குறையில்லை. நாள் வெள்ளிக்கிழமை, நேரம் பகல் பன்னிரண்டரை. தக்கலையிலிருந்து வந்த பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘பக்கத்துல பள்ளிவாசல் எங்க இருக்கு தம்பி?’ என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் ஜும்மா தொழுகைக்குப் போனார், நாங்கள் விழாவைத் தொடங்கினோம். ஆண்டறிக்கையில் வந்த படத்தில் நடு நாற்காலி காலி. அடியில் ‘மும்மதத் தலைவர்கள் பங்கேற்றனர்’ என்று அச்சாகியிருந்தது.

அந்த நாற்காலி கணக்கே தப்பு என்பது அப்புறம்தான் புரிந்தது. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, இஸ்லாமியர் 4.20. தாளில் மூன்று எண்தான். ஆனால் உங்களிடம் ‘எந்தச் சபை’ என்று கேட்பவருக்கு ‘கிறிஸ்தவர்’ என்ற பதில் போதாது. ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, சால்வேஷன் ஆர்மியா, பெந்தெகொஸ்தேயா என்று தெரிய வேண்டும். அதற்குப் பின்னால் சாதியும் கடற்கரையா உள்நாடா என்பதும் ஒளிந்திருக்கும். சாமித்தோப்பு அய்யா வைகுண்டரை வழிபடும் அய்யாவழிக்காரர்களை எந்த நாற்காலியில் உட்கார வைப்பீர்கள்? கணக்கெடுப்பு அவர்களை இந்துவில் சேர்த்துவிடுகிறது. ‘நாங்கள் தனி வழி’ என்று சொல்பவர்களும் அவர்களில் நிறைய உண்டு. மேடையில் யார் உட்காருவது என்று நீங்கள் முடிவு செய்யும்போதே ஓர் ஆய்வு முடிவை அறிவித்துவிடுகிறீர்கள், அதுவும் ஆய்வே செய்யாமல்.

கேம்பிரிட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். டேவிட் ஃபோர்டு என்ற இறையியல் பேராசிரியர் தொடங்கிய திட்டம் அது. அவரும் சில யூத, கிறிஸ்தவ அறிஞர்களும் 1990-களிலேயே ஒரு வாசிப்பு முறையை உருவாக்கியிருந்தார்கள். பிறகு இஸ்லாமியரும் வந்து சேர்ந்தார்கள். சின்னக் குழுவாக உட்கார்ந்து, ஒவ்வொருவர் வேதத்திலிருந்தும் ஒரு சிறு பகுதியை எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நன்றாகவே கருத்து வேறுபடலாம். இதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கும் இது அந்நியமில்லை. தக்கலை தர்காவில் ஆண்டு விழா இரவில் சூஃபிக் கவிஞர் பீர்முகமது அப்பாவின் ஞானப்புகழ்ச்சிப் பாடல்களைப் பாடுகிறார்கள். அய்யாவழிப் பதிகளில், அதாவது அவர்கள் வழிபாட்டிடங்களில், அவர்களின் வேதமான அகிலத்திரட்டு ஏடு வாசிப்பு நடக்கிறது. தவக்காலத்தில் பாஸ்கு, அதாவது இயேசுவின் பாடுகளைப் பாடும் கிழவிகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டமும் தன் வீட்டுக்குள் பாடுகிறது, அடுத்த வீட்டுக்காரர் அதைக் காதால் கேட்டிருப்பார், பொருள் கேட்டிருக்க மாட்டார். பத்துப் பேரும் பத்து வரியும் ஒரு பானை கட்டஞ்சாயாவும் போதும். படம் எடுக்க ஆள் வேண்டாம்.

ஆனால் அப்படியே செய்துவிடாதீர்கள். அங்கே வேதம் படித்தவர்கள் வேதத்தை வைத்துப் பேசத் தொடங்கியது சரி. இங்கே பங்குத்தந்தை, ஜமாஅத் தலைவர், ஊர்க்கமிட்டித் தலைவர் என்று அனுமதி வாங்கப் போகிற இடமெல்லாம் ஆண்கள். அனுமதி வாங்கத்தான் வேண்டும், ஆனால் அனுமதி தந்தவரையே ஊரின் குரலாக எடுத்துக்கொண்டால் ஆய்வு படுத்துவிடும். நம் அண்டி ஆபீஸ்களை, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைகளைப் பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று மதத்துப் பெண்களும் உட்கார்ந்து அண்டி உடைக்கிறார்கள். கல்யாணத்துக்கு மொய், சாவுக்கு லீவு, நோன்புக் கஞ்சி, கிறிஸ்துமஸ் கேக், சீட்டுப் பணத் தகராறு எல்லாம் அங்கேதான். ‘நல்லிணக்கம்’ என்ற வார்த்தையை அவர்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இனி மண்டைக்காடு. மாணவரைத் தடுக்காதீர்கள். 1982-இல் பகவதி அம்மன் கோயில் மாசிக் கொடை விழா சமயத்தில் அங்கே நடந்ததும் மார்ச் 1-ந்தேதி துப்பாக்கிச்சூடும் ரகசியமில்லை. அரசே நீதிபதி வேணுகோபால் தலைமையில் கமிஷன் வைத்து விசாரித்தது. குன்றக்குடி அடிகளார் இங்கே வந்து சமாதானம் பேசியதை அந்தக் கால ஆட்கள் இன்றும் சொல்வார்கள். உங்கள் மேலிடத்தின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நல்லிணக்கம் என்ற முடிவை முதலில் எழுதி வைத்துவிட்டு ஆய்வைத் தொடங்கினால், சண்டையைப் பற்றி ஒருவரும் உங்களிடம் வாய் திறக்கமாட்டார்கள். ‘நாங்க எல்லாரும் அண்ணன் தம்பிதான்’ என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சண்டை நடந்த ஊரில் பிறகு எப்படிப் பேச்சு வார்த்தை திரும்பியது, யார் கடைக்கு யார் முதலில் போனார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தானே இந்த மையம்?

மாணவரை அனுப்பும் முன் சிலதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். பெயரை மாற்றினால் போதும் என்று நெறிமுறைக் குழு கையெழுத்துப் போட்டுவிடும். ‘கோயில் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் எழுபது வயது விதவை’ என்று எழுதினால், அது யார் என்று அந்த ஊரில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆகவே பெயரை மட்டுமல்ல, கடையையும் மறைக்கச் சொல்லுங்கள். ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும், எத்தனை வருடம், மாணவர் வேலை கிடைத்துப் போனபின் யார் பொறுப்பு என்பதைத் தமிழில் எழுதி, சொன்னவர் கையில் கொடுங்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில்தான் போகும். சமர்ப்பிக்கும் முன், அவரவர் சொன்ன பகுதியைத் தமிழில் அவரவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘இந்த வரி வேண்டாம் மக்கா’ என்றால் எடுத்துவிட வேண்டும். மாணவர் அழுவார், அழட்டும். இந்த மண்டைக்காடு ஆய்வை மட்டும் மாநாட்டு மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

‘எந்தச் சபை’ என்றால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மழுப்பினால் ஊர் முழுக்க விசாரித்து நாளைக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மாநாட்டு நாள்தான் பாக்கி. மார்ச்சில் மாசிக் கொடையும் தவக்காலமும் வரும், சில வருடங்களில் நோன்பும் சேர்ந்துகொள்ளும். உங்கள் மதியச் சாப்பாட்டைப் பாதிப் பேர் தொடமாட்டார்கள். ஜூன், ஜூலை பாருங்கள். குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். மழை பெய்யும், அதற்கு யாரும் உங்களைக் கோபிக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
அண்ணாச்சி